ராக்கெட் ஏன் கடல் பக்கம் சாய்கிறது?

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரையில் நின்றால் வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. நடுவில் பழவேற்காடு ஏரி. ராக்கெட் விடுகிற நாளில் கரையில் நல்ல கூட்டம் சேரும். ஊர்ப் பிள்ளைகள், மாடு ஓட்டி வந்தவர்கள், ஆரம்பாக்கத்திலிருந்தும் தடாவிலிருந்தும் வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். முதலில் ஒரு வெளிச்சம் மட்டும் எழும். சத்தம் வராது. ஒரு நிமிஷத்துக்கும் மேல் ஆகி, ராக்கெட் எட்டாத உயரத்துக்குப் போன பிறகுதான் அந்த உறுமல் ஏரியைத் தாண்டி வந்து நெஞ்சில் இடிக்கும். அதற்குள் வெள்ளைப் புகைக்கோடு நேராக எழுந்து, மெதுவாக வளைந்து, கடல் பக்கம் சாய ஆரம்பித்திருக்கும்.

யாராவது ஒருவர் கத்துவது அப்போதுதான். போன தடவை எங்கள் பக்கத்து வீட்டு ஆயா. "ஐயையோ, சாயுதுடா! போச்சு!" பக்கத்தில் நின்ற தெலுங்குக்கார அம்மா ஒருவர் "படிப்போயிந்தி" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். விழுந்துவிட்டதாம். என்னிடம் டியூஷன் படிக்கிற ஏழாம் வகுப்புப் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், மேல போறதுக்குத்தான விடறாங்க? அப்புறம் எதுக்கு சாயுது?"

நல்ல கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரிந்தால் செயற்கைக்கோள் ஏன் விழுவதில்லை, விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள், நிலா ஏன் அங்கேயே நிற்கிறது என்பதெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும். ஆனால் பெரியவர்கள் பலரும் தவறான பதிலைத்தான் சொல்கிறார்கள். "மேலே போய்விட்டால் பூமியின் ஈர்ப்பு இருக்காது, அதனால் அப்படியே நின்றுவிடும்" என்பார்கள். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மை இதுதான்: செயற்கைக்கோள் விழுந்துகொண்டே இருக்கிறது. தரையில் மோதாதபடி விழுவதற்குப் பக்கவாட்டில் பயங்கர வேகம் வேண்டும். அந்த வேகத்தைச் சேர்க்கத்தான் ராக்கெட் சாய்கிறது. இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் படிக்கு இரண்டு ஒரு ரூபாய்க் காசு போதும்.

இரண்டு காசு, ஒரே சத்தம்

மேசை விளிம்பில் ஒரு காசை வையுங்கள். இன்னொன்றை அதே உயரத்தில் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் இருப்பதை விரலால் வேகமாகச் சுண்டும் அதே கணத்தில் கையில் இருப்பதை நழுவ விடுங்கள். ஒன்று நேர் கீழே விழும். மற்றது அறையின் அந்தப் பக்கம் போய் விழும். எது முதலில் தரையைத் தொடும்?

டியூஷனில் இதைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர், "நேரா விழுறதுதான் சார். இன்னொண்ணு தூரமா போவணுமில்ல" என்பார்கள். செய்து காட்டும்போது எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வேன், காது மட்டும் போதும் என்று. "ணங்" என்று ஒரே சத்தம்தான் கேட்கும். நம்பாமல் நாலைந்து தடவை செய்யச் சொல்வார்கள். சுண்டுவதும் விடுவதும் ஒத்துவர இரண்டு மூன்று தடவை பழக வேண்டும், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் ஓடுவது ஒரு வேலை, கீழே விழுவது இன்னொரு வேலை. ஒரு பொருள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஆனால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. எவ்வளவு வேகமாகச் சுண்டினாலும் காசு விழுகிற நேரம் மாறுவதில்லை.

விழுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கையை விட்ட பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். இதற்குப் பெயர் ஈர்ப்பு முடுக்கம். முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும், இரண்டு நொடி முடியும்போது மொத்தம் 19.6 மீட்டர் விழுந்திருக்கும். காற்றின் தடையை விட்டுவிட்டால் இரும்புக் குண்டுக்கும் கூழாங்கல்லுக்கும் இதே கணக்குதான். இந்த 4.9 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தேடி வருவோம்.

பக்கவாட்டு ஓட்டத்துக்கு இன்னும் எளிய கணக்கு. எதுவும் தடுக்காவிட்டால் அது மாறவே மாறாது. சூளூர்பேட்டை லோக்கல் ரயில் ஒரே வேகத்தில் ஓடும்போது உட்கார்ந்த இடத்தில் ஒரு வேர்க்கடலையை மேலே தூக்கிப் போடுங்கள். அது உங்கள் கைக்கே திரும்பி வரும், பின் இருக்கைக்குப் போய்விடாது. கடலை கையில் இருந்தபோதே ரயிலின் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டுப் போனாலும் அந்த ஓட்டம் அதைவிட்டுப் போவதில்லை. ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கவும், நிற்பது நின்றுகொண்டே இருக்கவும் பார்க்கிற இந்தக் குணம்தான் நிலைமம்.

மாறாத பக்கவாட்டு ஓட்டமும் கூடிக்கொண்டே போகும் விழுதலும் சேர்ந்தால் பாதை வளையும். முதலில் படுக்கையாகவும் போகப்போகச் செங்குத்தாகவும் இருக்கும் அந்த வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். இதைக் கணக்காக நிறுவியவர் கலிலியோ. மாங்காய்க்கு எறிந்த கல், பவுண்டரிக்கு அடித்த பந்து, குழாயிலிருந்து பீறிடும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய இந்தப் பாதையில்தான் போகின்றன. இப்படி எறிந்து விட்ட பிறகு ஈர்ப்பின் போக்கில் மட்டும் போகிற எதையும் எறிபொருள் என்பார்கள்.

இதுவரை பார்த்தது: எறிந்த பொருள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கீழே விழுகிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. பக்கவாட்டு வேகத்தைக் கூட்டினால் விழும் நேரம் மாறாது, விழும் இடம்தான் தள்ளிப் போகும்.

கவணும் வீச்சு வலையும்

அடுத்து வட்டம். இங்கேதான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கம்பங்கொல்லையில் குருவி விரட்டக் கவண் சுற்றியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கல்லை வைத்துத் தலைக்கு மேல் சுற்றும்போது கயிறு கையை வெளியே இழுக்கும். ஒரு முனையை விட்டால் கல் பறக்கும். எந்தப் பக்கம் பறக்கும்? "வெளிப்பக்கம், கையிலிருந்து நேர் எதிராக" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பறக்காது. விட்ட கணத்தில் கல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே திசையில் நேர்கோட்டில் போகும். வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் அந்தக் கோட்டைத்தான் தொடுகோடு என்கிறோம். குறி பார்த்து அடிக்கத் தெரிந்தவர்கள் கல் குருவிக்கு நேராக வரும்போது விடமாட்டார்கள். கால் சுற்று முன்னாலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கைக்குத் தொடுகோடு தெரிந்திருக்கிறது.

கல்லுக்கு எப்போதும் நேராகப் போகவே விருப்பம், அதன் நிலைமம் அப்படி. கயிறு அதை ஒவ்வொரு கணமும் உள்பக்கம் இழுத்து, நேர்கோட்டிலிருந்து திருப்பித் திருப்பி வட்டமாக்குகிறது. மையத்தை நோக்கிய அந்த இழுப்புக்கு மையநோக்கு விசை என்று பெயர். அது தனியாக ஒரு புதுவிசை கிடையாது. கவணில் கயிறு அந்த வேலையைச் செய்கிறது, வளைவில் திரும்பும் பஸ்ஸில் டயரைத் தரை பிடிக்கும் பிடி செய்கிறது. பஸ் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுவதாகத் தோன்றுகிறதே என்றால், யாரும் நம்மைத் தள்ளவில்லை. நம் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் நமக்கு அடியிலிருந்து திரும்பிக்கொள்கிறது.

இதை இன்னும் அழகாகப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஏரிக்கு வர வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுகிற அண்ணன் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நடுக்கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். வலையில் பாதியைத் தோளில் போட்டு, விளிம்பை விரல்களில் பிரித்துப் பிடித்து, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி மொத்த உடம்போடு சுழற்றி விடுவார். விளிம்பு நெடுக ஈயக் குண்டுகள். கையை விட்டதும் ஒவ்வொரு குண்டும் தான் போய்க்கொண்டிருந்த திசையில் நேராகப் போகப் பார்க்கும். சுற்றிலும் இருக்கிற குண்டுகளின் திசைகள் வெவ்வேறாக இருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வலை விரியும். நூல் இறுகும்போது உள்பக்கம் இழுத்து நிறுத்தும். அந்த ஒரு கணம் காற்றில் பெரிய வட்டம் தெரியும். விரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அது விழுந்துகொண்டும் இருந்தது. சளாரென்று விளிம்பு முழுவதும் ஒன்றாகத் தண்ணீரைத் தொடும்போது வலை முக்கால் வட்டமாவது விரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் போய்விடும். மேசையில் பார்த்த காசும் கவணில் பார்த்த கல்லும் ஒரே வீச்சில் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். "ஈர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் செயற்கைக்கோள் சுற்றுகிறது" என்று நோட்ஸ்களில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு விசை சமமாக எதிர்த்து நின்றால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இழுக்காத பொருள் நேராகத்தான் போகும், வட்டமடிக்காது. சுற்றுகிற பொருளோடு தானும் சுற்றிக்கொண்டு கணக்குப் போடுபவருக்கு மையவிலக்கு விசை வசதியான ஏற்பாடு. தரையில் நின்று பார்க்கிற நமக்கு உள்ளே இழுக்கும் விசை ஒன்று மட்டுமே போதும்.

இந்தப் பகுதியில் வைத்துக்கொள்ள வேண்டியது: வட்டமாகப் போகும் எதையும் ஏதோ ஒன்று உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுப்பு நின்றால் அது தொடுகோட்டில் நேராகப் போய்விடும்.

தரை நழுவிப் போகும் இடம்

இப்போது காசையும் கவணையும் சேர்த்து ஒரு கற்பனை. இது நியூட்டனின் யோசனை. அவர் உயரமான மலை ஒன்றின் உச்சியில் பீரங்கியை வைத்தார். நாம் எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற நாகலாபுரம் மலையை எடுத்துக்கொள்வோம், காற்றே இல்லாத உயரத்துக்கு அதை வளர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து கிழக்குப் பக்கம் படுக்கையாக ஒரு குண்டைச் சுடுகிறோம். குறைந்த வேகம் என்றால் அடிவாரத்தில் விழும். வேகத்தைக் கூட்டினால் ஏரியில் விழும். இன்னும் கூட்டினால் வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமானில் விழும்.

இந்த இடத்தில் ஒரு புது விஷயம் நுழைகிறது. பூமி தட்டை இல்லை. கரையில் நின்று கடலுக்குள் போகும் படகைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் படகின் உடம்பு மறையும், கொடிக்கம்பம் கடைசியில் மறையும். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைந்துகொண்டே போகிறது. எவ்வளவு வளைகிறது? ஓரிடத்திலிருந்து மட்டம் வைத்து நேராக 7.9 கிலோமீட்டர் போனால், அங்கே பூமியின் பரப்பு அந்த மட்டத்துக்கு 4.9 மீட்டர் கீழே இருக்கும்.

4.9 மீட்டர். எந்தப் பொருளும் முதல் நொடியில் விழுகிற அதே தூரம்.

ஆகவே குண்டை நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டால் என்ன ஆகும்? ஒரு நொடியில் அது 4.9 மீட்டர் விழும். அதே நொடியில் அடியில் இருக்கும் தரையும் 4.9 மீட்டர் இறங்கியிருக்கும். விழுந்தும் உயரம் குறையவில்லை. அடுத்த நொடியும் அதே கதை, அதற்கடுத்த நொடியும் அதே. குண்டு விழுந்துகொண்டே பூமியைச் சுற்றி வந்து, சுட்டவர் முதுகுக்குப் பின்னால் வந்து சேரும். கவணில் கயிறு செய்த வேலையை இங்கே ஈர்ப்பு செய்கிறது. இப்படிச் சுற்றி வரும் வழிதான் சுற்றுப்பாதை.

அந்த வேகத்தை மனதில் வாங்கிக்கொள்வது கஷ்டம். சென்னை சென்ட்ரலிலிருந்து சூளூர்பேட்டைக்கு ரயிலில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், லோக்கல் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அந்தக் குண்டுக்குப் பத்து நொடி.

சுற்ற ஆரம்பித்த பிறகு எஞ்சின் ஓட வேண்டியதில்லை. "அங்கே பெட்ரோல் யார் போடுவாங்க?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதுதான் பதில். கடலை ரயிலில் ஓடியதுபோல, தடுக்க ஆளில்லாத இடத்தில் ஓட்டம் தானாகத் தொடர்கிறது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் மிக மிக மெல்லிய காற்று மிச்சம் இருக்கிறது. அதனால் வேகம் மெல்லக் குறையும். அவ்வப்போது ஒரு சிறு உந்துதல் கொடுத்து உயரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.

மேலே ஈர்ப்பு இல்லையா?

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று. 400 கிலோமீட்டர் பெரிய தூரமாகத் தெரிகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்தைவிடக் குறைவு அது. பூமியை ஒரு கால்பந்து அளவுக்குச் சுருக்கினால் அந்த உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இவ்வளவு அருகில் ஈர்ப்பு எப்படி இல்லாமல் போகும்? தரையில் இருப்பதில் நூற்றுக்கு 89 பங்கு அங்கேயும் இருக்கிறது.

பின்னே ஏன் மிதக்கிறார்கள்?

இதற்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டும். அடிப்பக்கம் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, விரலால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிடுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் பீச்சும். மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீரை அழுத்துவதால் அது வெளியே வருகிறது. இப்போது மொட்டைமாடியிலிருந்து பாட்டிலை அப்படியே விடுங்கள், கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு. கையை விட்ட கணத்தில் பீச்சுவது நின்றுவிடும். தரையில் மோதும் வரை ஒரு சொட்டு வராது. பிள்ளைகளை முற்றத்தில் நிற்கவைத்து ஓட்டையை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் "அடைச்சிக்கிச்சு சார்!" என்று ஓடிப்போய் பாட்டிலை எடுத்து ஓட்டையில் குச்சி விட்டுப் பார்த்தாள். அடைப்பு எதுவும் இல்லை. பாட்டிலும் தண்ணீரும் ஒரே கதியில் விழுந்ததால் ஒன்றை ஒன்று அழுத்த வழியில்லை, அவ்வளவுதான்.

விண்வெளி நிலையம் அந்தப் பாட்டில், வீரர்கள் உள்ளே இருக்கும் தண்ணீர். நிலையத்தின் தரையும் அவர்கள் காலும் ஒரே கதியில் விழுகின்றன. தரை காலைத் தாங்குவதில்லை, கால் தரையை அழுத்துவதில்லை. தாங்கல் இல்லாத இந்த நிலைக்கு எடையின்மை என்று பெயர். தாங்குதல்தான் காணாமல் போகிறது. ஈர்ப்பு அங்கேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிலையம் தொடுகோட்டில் நேராகப் போய்த் தொலைந்துபோயிருக்கும்.

உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும், அதனால் சுற்றத் தேவையான வேகமும் குறையும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போதும். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்குப் பூமி ஒரு முறை சுழலும் நேரமே ஆகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே, பூமி சுழலும் திசையிலேயே சுற்றினால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது நகராமல் நிற்பதுபோல் இருக்கும். நம் வீட்டு டிவி டிஷ்கள் எல்லாம் தெற்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் இருப்பது இதனால்தான். "நிற்கிற" அந்தச் செயற்கைக்கோள்கூட விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

சுருக்கமாக: மேலே ஈர்ப்பு உண்டு. எல்லாம் சேர்ந்து விழுவதால் எடை தெரிவதில்லை.

இனி அந்தச் சாய்வு

ஏழாம் வகுப்புப் பையனின் கேள்விக்கு வந்துவிட்டோம்.

காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு கல்லை நேர் மேலே எறிந்து 400 கிலோமீட்டர் உயரத்தைத் தொட நொடிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் அது உச்சியைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்து விழும். கேரளத்துத் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய முதல் ராக்கெட்டும் இந்த வகைதான். மேல் காற்றை ஆராயப் போனது, வேலையை முடித்துவிட்டு விழுந்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அதன் நோக்கமே அதுதான். சுற்ற வேண்டும் என்றால் அதே உயரத்தில் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ராக்கெட் எரிக்கும் எரிபொருளில் பெரும்பங்கு இந்தப் பக்கவாட்டு வேகத்துக்குத்தான் போகிறது. உயரம் சின்னச் செலவு.

அப்படியென்றால் முதலிலேயே படுக்கையாக ஓட வேண்டியதுதானே? காற்று விடாது. தரைக்கு அருகில் காற்று அடர்த்தி. அதில் அந்த வேகத்தில் ஓடினால் எதுவும் கருகிப்போகும். அதனால் முதலில் நேராக எழுந்து அடர்ந்த காற்றைத் தாண்ட வேண்டும். எழும்போதே மெல்லச் சாய்ந்து, காற்று மெலிய மெலிய இன்னும் சாய்ந்து, கடைசியில் ஏறக்குறைய படுத்துக்கொண்டே ஓட வேண்டும். கரையில் நின்று நாம் பார்ப்பது இந்தத் திருப்பத்தின் தொடக்கம். ராக்கெட் சாயாமல் நேராகவே போனால்தான் ஆயா பதற வேண்டும்.

கடல் பக்கம் சாய்வதற்கு இரண்டு காரணம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கிற எல்லாமே, ஏவுதளத்தில் நிற்கிற ராக்கெட்டும்கூட, நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ரயிலில் கடலைக்குக் கிடைத்ததுபோல ராக்கெட்டுக்கும் அந்த வேகம் இலவசம். கிழக்கே ஓடினால் அது மிச்சம். இரண்டாவது காரணம் நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். எரிந்து தீர்ந்த அடிப்பகுதிகள் கழன்று விழ ஆளில்லாத இடம் வேண்டும், அது கடல். ராக்கெட் விடுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வது இதற்குத்தான். ஒரு நாள் வருமானம் போகிறது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

வடக்கு தெற்காகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்களுக்கு வேறொரு சிக்கல். தெற்கே நேராகப் போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் பி.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறது. பறக்கும்போது திரும்புவதற்கும் எரிபொருள் வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு இது முக்கியக் காரணம். அங்கிருந்து தெற்கே நேராகப் போனால் திறந்த கடல்தான்.

நூற்றில் ஒரு பங்கு

பக்கவாட்டு வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை 2022 ஆகஸ்ட் 7 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம். அதில் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளும் இருந்தது. கரையிலிருந்து பார்த்த எங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் மூன்று பகுதிகளும், அதாவது நிலைகளும், நன்றாக எரிந்தன. வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இரண்டாம் நிலை கழன்றபோது ஏற்பட்ட அதிர்வில் உணர்கருவிகளின் அளவீடு குழம்ப, அவை பழுதாகிவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவு செய்து, மாற்று வழிக்கு மாறிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தும் விட்டது. ஆனால் பக்கவாட்டு வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு போலக் குறைந்தது.

அந்த ஒரு பங்கு என்ன செய்யும்? 356 கிலோமீட்டரில் வட்டமாகச் சுற்றப் போதிய வேகம் இல்லாததால், செயற்கைக்கோள் தரை வளைவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. போகப்போகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க வேகம் பிடிக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் மிகக் கீழான இடத்தைத் தொட்டு, பிடித்த வேகத்தில் மறுபடி மேலேற வேண்டும். இப்படி ஒரு பக்கம் தாழ்ந்து ஒரு பக்கம் உயர்ந்த பாதை நீள்வட்டம். கோள்கள் சூரியனைச் சுற்றுவதும் நீள்வட்டத்தில்தான் என்று 1609-ல் கெப்ளர் சொன்னார். அது சாதாரணமான பாதைதான், அதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை எங்கே என்றால், கீழான இடம் 76 கிலோமீட்டர். அங்கே காற்று இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் மறுபக்கம் போய்க் கீழே இறங்கியதும் காற்று பிடித்துக்கொண்டது.

அன்று மாலை வகுப்பில் பிள்ளைகள் யாரும் சரியாகப் பேசவில்லை. அந்த மாணவிகளின் வயதுதான் இவர்களுக்கும். கரும்பலகையில் பூமியை வரைந்து, அந்தப் பாதையை வரைந்து, 76 என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து, "மேலதான சார் போச்சு, வேகந்தான பத்தல?" என்றான். வேறு எந்த நாளிலும் இவ்வளவு தெளிவாக அவர்களுக்கு இது புரிந்ததில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட் ஆசாதிசாட்-2 என்ற அடுத்த செயற்கைக்கோளைச் சரியான பாதையில் கொண்டுபோய் விட்டது.

வேகம் கூடினால் நேர்மாறாக நடக்கும். 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3 முதலில் ஏறக்குறைய 170 கிலோமீட்டருக்கும் 36,500 கிலோமீட்டருக்கும் இடையே நீண்ட நீள்வட்டத்தில் சுற்றியது. பூமிக்கு அருகில் வருகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உந்துதல் கொடுத்தால், எதிர்ப்பக்கத்து உச்சி இன்னும் எட்டிப் போகும். இப்படிச் சில சுற்றில் பாதையை நீட்டி நீட்டித்தான் நிலாவை எட்டினார்கள்.

நிலா எவ்வளவு விழுகிறது?

நிலா பூமியின் மையத்திலிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நாம் நிற்கும் தரை மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர். நிலா நம்மைவிட 60 மடங்கு தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. 60 மடங்குக்கு 60 பெருக்கல் 60, அதாவது 3,600-ல் ஒரு பங்கு.

தரையில் ஒரு நொடியில் 4.9 மீட்டர் விழுந்த காசை நிலாவின் தூரத்துக்குக் கொண்டுபோனால் 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். நிலாவின் பாதை ஒரு நொடியில் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு வளைகிறது என்று அதன் 27.3 நாள் சுற்றை வைத்துத் தனியாகக் கணக்குப் போட்டாலும் இதே அளவுதான் கிடைக்கிறது. காசை இழுப்பதும் நிலாவை இழுப்பதும் ஒன்றே என்று நியூட்டன் கண்டுகொண்டது இந்த ஒப்பீட்டில்தான்.

பௌர்ணமியன்று ஏரிக்கு அந்தப் பக்கம் நிலா எழும்போது பிள்ளைகளை நோட்டோடு கரைக்குக் கூட்டிப் போவேன். ஒரு நொடியில் ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓட்டம், ஒன்றரை மில்லிமீட்டருக்குள் விழுதல். அந்த வகுத்தலை அங்கேயே உட்கார்ந்து போடுவார்கள்.